கட்டிங் வேஸ்ட்

சிக்கண்ணா காலேஜ் மைதானம். ஞாயிறு, ஒன்பதே கால்.
கம்பெனிகளுக்கு இடையிலான நானூறு மீட்டர்.
நாலாவது கோட்டில் நான்:
கட்டிங் செக்ஷன், டோக்கன் நூற்றிப் பதினேழு.
ஐந்தில் சாயப்பட்டறை ரெஜினா,
நகமெல்லாம் இன்னும் நேவி ப்ளூ.

விசில்.

முதல் ஏழெட்டு வினாடி
தொடைக்குள் மடித்து வைத்த சில்லறை
அதுபாட்டுக்குச் செலவாகிறது.
வளைவு முடிவதற்குள் காலி.

மூச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது.
போதவில்லை.
எல்லா மிஷினும் ஓடும்போது வோல்டேஜ் இறங்குமே, அப்படி.
ஷிப்மென்ட் தேதி காத்திருக்காது.
தசை
காற்றைக் கேட்காமலே சர்க்கரையை வெட்ட ஆரம்பிக்கிறது;
அவசரத்தில், மார்க்கர் விரிக்காமல்,
முப்பது பனியன் விழவேண்டிய துணியில்
இரண்டே இரண்டு எடுத்துக்கொண்டு
மிச்சத்தை மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டு.

அந்த மிச்சத்துக்கு லாக்டேட் என்று பெயர்.

முந்நூறாவது மீட்டர்.
காலுக்குள் புளிப்பேறி
இரண்டு தொடையும் நனைத்த சாக்கு.
“ஓடு சாமி, உட்றாத!”
மேஸ்திரி பொங்கியண்ணன் கத்துவது
கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது.
ரெஜினாவின் முதுகு போகிறது.
இன்னொரு முதுகும், பேர் தெரியாதது.

மூன்றாவது.

செம்மண்ணில் மல்லாந்து கிடக்கிறேன்.
ஆசிட் சேர்ந்துபோச்சு, நாளைக்கு வலிக்கும்,
சுடுதண்ணி ஊத்து என்கிறார்கள் தலைக்கு மேலே.
நாளைய வலி வேறு. அது நார் கிழிந்த வலி.
இந்த மிச்சம்
நாளை வரைக்கும் இங்கே உட்கார்ந்திருக்காது.
இப்போதே கிளம்பிவிட்டது:
கொஞ்சம் இதயத்துக்கு. அதைத் தின்றுகொண்டேதான்
காதுவரைக்கும் இப்படி இடிக்கிறது.
கொஞ்சம் கல்லீரலுக்கு, மறுபடி சர்க்கரையாக.
நாய் மாதிரி இழுக்கிறேனே இந்தக் காற்று,
அதில் ஒரு பங்கு அந்த வேலைக்குக் கூலி.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லைங்க.
மேஜைக்கடியில் தினமும் நான் கூட்டி அள்ளுவதை
மூட்டை கட்டி வெள்ளகோவிலுக்கு ஏற்றுகிறார்கள்.
குப்பை என்றால்
லாரி வாடகை யார் கொடுப்பார்?
கிழித்து, பஞ்சாக்கி, நூலாக்கி
ஏதோ ஒரு மிதியடியில், ஏதோ ஒரு போர்வையில்
என் கத்தரிக்குத் தப்பிய மஞ்சள் ஒன்று
தூங்கிக்கொண்டிருக்கும்.

ரெஜினா தண்ணீர் பாட்டில் நீட்டுகிறாள்.
அவளுக்கும் கை நடுங்குகிறது.
வாங்கப் பார்க்கிறேன், விரல் மடங்கவில்லை.

“இருங்க,” என்கிறேன்,
“போன லோடு
இன்னும் திரும்பி வரல.”