கையை எடுப்பது

முதலில் ஓட்டோவைத்தான் நம்பினேன்.
இரவு பதினொரு மணிக்கு
லீலாவின் மடியில் அவளை வைத்து
மேற்பிரிவு லயத்திலிருந்து சந்தி வரைக்கும்
கல்லும் குழியுமாய்க் கிடக்கிற தோட்ட ரோட்டில்
உருட்டிக்கொண்டு போவேன்.
குலுக்கத்தில் தூங்கிவிடுவாள்.
எஞ்சினை நிறுத்துவேன்.
விழித்துவிடுவாள்.

மாதக் கடைசியில்
பெற்றோல் காசைக் கூட்டிப் பார்த்த லீலா
ஒன்றும் சொல்லவில்லை.
விடிந்தால் அவளுக்குப் பிரட்டுக்களம்,
பதினெட்டுக் கிலோ, அட்டைக்கடி.

ஒரு வயசுப் பிள்ளை தூங்காவிட்டால்
லயத்தில் எல்லோரும் வைத்தியர்.
மிளகாய் சுற்றிப் போட்டோம்,
நிவிஷாவைத் தவிர எல்லோரும் இருமினோம்.
மஸ்கெலியாக் குளிராச்சே என்று
நாலு சுற்றுக் கம்பளி சுற்றினோம்.
ஒருநாள் பிடரியைத் தொட்டேன்,
வியர்வை.
மூன்றைக் கழற்றினேன்.

புள்ளக்காம்பரா ரெஜினா அக்காதான்
முதல் முடிச்சை அவிழ்த்தவர்.
"மதியம் ஒரு மணிக்குப் படுத்தா
நாலு வரைக்கும் அசைய மாட்டா ஒங்க மக.
பாவமேன்னு நானும் எழுப்புறதில்ல."
அன்றிலிருந்து ரெண்டரைக்கு
ஜன்னல் துணியை விலக்கிவிடுகிறார்,
வெளிச்சமே எழுப்பட்டும் என்று.
அரை மணி நேரம் கோபமாய் இருப்பாளாம்.
இருக்கட்டும்.

பிறகு நாங்களாக ஒரு வரிசை பிடித்தோம்.
ஏழு மணிக்குச் சோறும் பருப்பும்.
அடுப்பு அணையுமுன்னே கொஞ்சம் சுடுதண்ணி,
காலை மட்டும் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து,
பெரிய பல்பை அணைத்து
சாமிப்படத்துச் சின்ன பல்பை மட்டும் விட்டு,
பூனைக்கு ஒரு 'போயிட்டு வா',
கதவுக்கு ஒன்று,
ஆணியில் தொங்கும் ஓட்டோச் சாவிக்கும் ஒன்று.
ஒருநாள் பூனையை மறந்துவிட்டேன்,
ஒன்பது மணிவரைக்கும் பஞ்சாயத்து.

சுவர் கூரையைத் தொடாத லயம் இது.
ஐந்தாம் காம்பராவில் தும்மினால்
ஏழாம் காம்பரா 'நூறு' என்று வாழ்த்தும்.
செபமாலை அண்ணனிடம் டீவியைப் பற்றி
எப்படிக் கேட்பதென்று
லீலாவும் நானும் மூன்று நாள் குசுகுசுத்தோம்.
நான்காம் நாள்
நாடகத்தில் மாமியார் கத்துகிற இடத்தில்
சத்தம் தானாகத் தணிந்தது.
எங்கள் குசுகுசுப்பும்
அந்தப் பக்கம் விழுகிறதுதானே.

இரவு இரண்டு மணி. சிணுங்குகிறாள்.
முன்பெல்லாம் முதல் சிணுங்கலுக்கே அள்ளியெடுத்து,
அரைத்தூக்கத்தில் புரண்டவளை
நாங்களே எழுப்பியிருக்கிறோம்.
இப்போது தகரத்திலிருந்து
பனி சொட்டுவதை எண்ணுகிறேன்.
பத்து. பதினைந்து.
சில இரவு அதற்குள் அடங்கிவிடுவாள்.
அடங்காத இரவும் உண்டு,
பல் முளைக்கிற இரவு, மூக்கடைத்த இரவு.
அன்றைக்கு எண்ணிக்கை கிடையாது.
தோள்தான்,
விடியவிடியத் தோள்தான்.

மற்ற நாளில் நெஞ்சில் உள்ளங்கை.
தட்டுவதில்லை, வைத்திருப்பது மட்டும்.
மூச்சு நீளும்.
அதன் பிறகு கையை எடுக்க வேண்டும்.
அதுதான் வேலை.
முதலில் கனத்தை எடுக்கணும், கையை அப்புறம்.
பிறகு சுண்டுவிரல். அடுத்தது.
ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு.
பதினோரு வருஷமாய் வண்டியோட்டுகிறவன்,
கிளட்ச்சை இவ்வளவு மெதுவாய் விட்டதில்லை நான்.

நேற்று அப்படி எடுத்துவிட்டுத் திரும்பினால்
லீலா தூங்குகிறாள்,
நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம்.
தூக்கத்திலேயே அவள் கை
பிள்ளையென்று நினைத்து
மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது
என் முழங்கையை.

அசையவில்லை நான்.
ஆறாவது தட்டோ, ஏழாவதோ,
அதற்கு மேல் எண்ணவில்லை.