அடிவாரத்துக்கு முன்

ஐந்து ரோட்டுக் கடையில்
தீர்த்தகிரி பழைய டயரை உருட்டி நிறுத்தி
கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.
இடது முன்சக்கரம். வெளித்தோள் வழுக்கை.
"ஏற்காட்டுக்கு அடிக்கடி போறீங்க.
எறங்கும்போதுதான் வேகம்."

வீட்டில் யாருக்கும் தெரியாது அது.
செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்
இரவுப்பணி முடிந்து மூன்று மணிக்கு
எங்கே போகிறதென்று.

சுவரில் இரண்டைச் சாய்த்தார்.
ஒன்று நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்,
மழையில் கொஞ்சம் யோசிக்கும்.
மற்றது பதினைந்தைத் தாண்டாது,
நகம் வைத்தால் பள்ளம் விழுகிறது.
"உடும்புப்பிடி. ஆனா சீக்கிரம் தேஞ்சிடும்."

ஐப்பசியில் பதினான்காம் வளைவில்
அரை நொடி
கார் என்னுடையதாக இல்லை.
தடுப்புக்கல்லின் சுண்ணாம்பு இன்னும் கதவில்.
பார்த்திருப்பார். கேட்கவில்லை.

"எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?"

ஐசியூ வாசலில் தினமும்
இதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்பார்கள்,
பதில் வைத்திருப்பேன்.

மென்மையானதைத் தொட்டுக் காட்டினேன்.

புது ரப்பரின் மயிர்கள்
குழல்விளக்கில் சிலிர்த்து நின்றன.
"நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க,
மேல இருக்கிற மெழுகு போகணும்."

சரி என்றேன்.
அடிவாரத்துக்கு
அதில் பத்தில் ஒரு பங்குதான்.