முப்பத்தெட்டாம் பக்கம்

பதினான்காம் பதிப்பு. மோட்டார் அதேதான்,
பெயின்ட் மட்டும் நீலத்திலிருந்து சாம்பலுக்கு மாறியிருக்கிறது.
கணபதியில் லேத் பட்டறைக்கு மேலே என் மேசை.
கீழே ஷாஃப்ட் கடையும்போதெல்லாம்
மானிட்டரில் எழுத்துகள் லேசாக நடுங்கும்.

முதலில் தந்தி விலாசத்தை எடுத்தேன்.
தந்தியே போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம்,
நாங்கள் மட்டும் பின்னட்டையில்
அதற்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.
பிறகு ஃபேக்ஸ். பிறகு,
‘விவரங்களுக்குப் படம் 7 காண்க.’
படம் ஆறுக்கு அடுத்தது படம் எட்டு.
ஏழு, பிளாக் செய்த அச்சகத்தோடு போயிருக்கும்
என்றார் ஸ்டோர்ஸ் குழந்தைவேலு.
இதுவரை ஒருத்தரும் தேடி வந்ததில்லையாம்.

‘மேற்படி பம்பினைக் கீழ்க்கண்டவாறு இறக்குக.’
கிணற்றில் நிற்கிறவனுக்கு
மேற்படி என்றால் மேலே இருக்கும் படி.
மாற்றினேன்.

அப்புறம் இது, பக்கத்தின் நடுவில், தனியாக:
‘இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது.’
எழுதியதுமே வெறுமை போயிற்று,
அச்சிட்ட பொய்.
நடுவில் பின் அடிக்கும் புத்தகம்
நாலால் வகுபட வேண்டும், சரி.
வாட்ஸப்பில் திறக்கிறவனுக்கு எதற்கு நாலு?
வரியோடு பக்கத்தையும் அழித்தேன்.

மதியம் வாரன்டி ஃபைல் ஒன்று மேலே வந்தது.
காயில் கருகிய மோட்டார், காங்கயம் பக்கம், நாச்சிமுத்து.
ரசீது தொலைந்துவிட்டதால்
புத்தகத்தையே ஆதாரமாக அனுப்பியிருந்தார்.
பாதுகாப்பு விதிகள் பதினாறும்
கடை மடிப்புக் கலையாத வேட்டி.
முப்பத்தெட்டில் மட்டும் கிரீஸ் விரல்கள்.

போர் 740 அடி. பைப் 37.
த்ரீ ஃபேஸ் காலை ஆறு டு ஒன்பது,
ராத்திரி பதினொன்றுக்கு மேல், வந்தால்.
லைன்மேன் நம்பர், அதை அடித்து இன்னொரு நம்பர்.
தேங்காய் 1,140, பாதிப் பணம் பாக்கி.
எங்கள் வரியில் ‘வேண்டுமென்றே’வைச் சுற்றி
பால்பேனாவில் ஒரு வட்டம்.
பக்கத்தில்: ஏனுங்க?

பக்கத்தைத் திரும்ப வைத்தேன்.
வரியை வைக்கவில்லை.

அடுத்த வாரம் பிரஸ்ஸிலிருந்து ஃபோன்.
“அம்மிணி, முப்பத்தெட்டு வெறும் பக்கமா வருதுங்க.
ஃபைல் கோளாறுங்களா?”
இல்லீங்க, வேணும்னேதான் விட்டிருக்கேன்.
அந்தப் பக்கம் மெஷின் நிற்கும் சத்தம்.
“அப்ப அதை ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க.
நாளைக்கு எம்மேல பேச்சு வரக்கூடாது பாருங்க.”