ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு கடிகாரம்

ஃபஹாஹீல் சூக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்
மூன்று பேர் ஒரு கடிகாரம் வாங்கப் போனோம்.
ஆளுக்கு மூன்று தினார்.
நான்காவது ஆள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.
அவருக்குத்தான் கடிகாரம்.

மலையாளிக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது
பொன்முலாம், ரோமன் எழுத்து, இரண்டு மான்கள்.
"கல்யாண வீட்டுக்கா?"
இல்லை.

எண்கள் நிற்க வேண்டும், நடனமாடக் கூடாது.
வெள்ளையில் கறுப்பு, அல்லது கறுப்பில் வெள்ளை.
கண்ணாடி பளபளக்கக் கூடாது:
பழைய கடிகாரத்தில் தன் முகம் தெரிந்தால்
யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து
உட்காரச் சொல்கிறார் சவரிமுத்து அண்ணன்.

நூருல் அமீனுக்குப் பள்ளிவாசல் வடிவில் ஒன்று பிடித்தது.
ஐந்து வேளையும் பாங்கு சொல்லும்.
கதிரேசனின் நைட் ட்யூட்டியை நினைத்து
அவனே திருப்பி வைத்தான்.

சிவப்பு விளக்கில் எரிந்த டிஜிட்டல்
17:05 என்றது.
"பதினேழு மணின்னு ஒண்ணு இருக்காடா?" என்று
போன மாதம் மைக்ரோவேவைப் பார்த்துக் கேட்டவர் அவர்.
அதுவும் வேண்டாம்.

எங்கள் அறையைப் பார்த்தால்தான் உங்களுக்கு விளங்கும்.
ஒரு ஹாலைப் பிளைவுட் வைத்து மூன்றாக்கியதில்
நடுத்துண்டு எங்களுடையது.
ஜன்னல் பக்கத்துத் துண்டுக்காரர்களுக்குப் போய்விட்டது.
ட்யூப்லைட் எரிந்தால் பகல், அணைத்தால் இரவு.
அதனால்தான்
மாலை ஐந்துக்கு எழுந்து
சவரம் செய்து, சீருடை மாட்டி,
பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு
கீழே போய் நிற்கிறார் லாண்டரி வேனுக்கு.
ஐந்து பத்துக்கு வரும் வேன்.
விடிகாலை ஐந்து பத்து.
ஒருநாள் ஒன்பது மணிவரை நின்றார்.
பில்டிங் ஹாரிஸ் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான்,
வேன் லேட் என்று ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்றான்.

லாண்டரியில் எவருக்கும் தெரியாது.
இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதும்
கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.
காலர், தோள், கை, முதுகு.
திஷ்தாஷா மடிப்பு இன்னும் கத்தி மாதிரி.
ஒப்பந்தம் முடிய நாலு மாதம்.
இருபத்தாறு வருடக் கணக்கு அதில் இருக்கிறது.

கடைசியில் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை இறக்கினார்.
பள்ளிக்கூட நோட்டு அளவு. முட்கள் இல்லை.
கிழமை முழுசாக, சுருக்காமல்.
நேரத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு சொல்:
மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவினிங், நைட்.
"எட்டு பாஷை உண்டு" என்று அழுத்தினார்.
அரபி, பிரெஞ்சு, ஜெர்மன், இன்னும் ஏதேதோ,
மறுபடி இங்கிலீஷுக்கே வந்து நின்றது.
தமிழைத் தேடி
கதிரேசன் இன்னொரு சுற்று அழுத்திப் பார்த்தான்.
பரவாயில்லை, லாண்டரிச் சீட்டில்
இத்தனை வருடம் கிழமை எழுதியவர்.
பதினொன்று சொல்லி ஒன்பதுக்குக் கொடுத்தார்.

கட்டிலின் கால்மாட்டில்
படுத்தபடியே தெரியும் உயரத்தில் மாட்டினோம்.
அதன் கீழே ஓர் அட்டையில் நான் எழுதினேன்:
ஈவினிங் என்றால் வேன் வராது.
அவர் எழுந்து நிதானமாக வாசித்தார்.
"இது யாருக்குடா?"
"நமக்குத்தான்ணே."
"பாவம், இந்தக் குகையில கெடந்தா
யாருக்கும் கொழம்பத்தானே செய்யும்" என்று
எங்களுக்காக வருத்தப்பட்டார்.

பிறகு ஒன்பதே முக்காலைப் பார்த்தார்.
யோசிக்கவே இல்லை.
"ஊர்ல பன்னண்டேகால். தூங்கியிருப்பா.
இப்பப் போய் ஃபோன் போடாதீங்க."
அந்த இரண்டரை மணி நேரம் மட்டும்
அவரிடம் சிந்தாமல் இருக்கிறது.
மதினியிடம் நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு ஏதோ சத்தம்.
நீல வெளிச்சத்தில் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார்,
நைட் என்ற சொல்லுக்கு முன்னால்,
துணியையும் சீட்டையும் ஒத்துப்பார்ப்பவர் மாதிரி.
நான் அசையவில்லை.
உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார்.
மற்றதோடு படுத்துக்கொண்டார்.