எட்டாம் அட்டவணை

வெல்டன்ஷா நகராட்சி, சுகாதாரத் துறை,
மாடியில் மூன்றாவது அறை.
ஐம்பத்தொன்றாம் ஆண்டின் அறிக்கையைத்
தட்டச்சு செய்கிறாள் ஏவிஸ் தார்ன்லி.
ஒரு மூலம், நான்கு கார்பன் பிரதிகள்.
ஒரு தவறு நேர்ந்தால்
ஐந்து முறை அழிக்க வேண்டும்.

எலிகளை எண்ணி முடித்தாயிற்று.
கெட்டுப்போய்ப் புதைத்த டின் இறைச்சி
எண்ணூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
தண்ணீர்க் குழாய் வந்து சேர்ந்த
கொல்லைக் கழிப்பறைகள் நாற்பது.
டாக்டர் இன்ஸ்கிப்பின் கையெழுத்து
மழையில் கலைந்த எறும்பு வரிசை;
அவள் ஒருத்திக்குத்தான் அது பிடிபடும்.
"பேறுகாலச் சேவை திருப்திகரம்."

திருப்திகரம்தான்.
நவம்பரில், புகைமூட்டம் தெருவிளக்கைத் தின்ற இரவில்
நர்ஸ் கிளெக் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தாள்,
பின்னால் வாயுப்பெட்டி, வாயில் டார்ச்.
கட்டிலில் பழைய செய்தித்தாள் விரித்து
அடுப்பில் கரி தள்ளி, வெந்நீர் வைத்து
எல்லாம் ஒழுங்காகவே நடந்தது,
அழுகையைத் தவிர.
துண்டில் சுற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள்.
"அதைப் பார்க்காமலிருப்பதே நல்லது" என்றார் டாக்டர்.
அதை.
ஏவிஸ் எதுவும் கேட்கவில்லை.
லெனார்ட் தொட்டிலைத் தள்ளுவண்டியில் ஏற்றி
யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் வாரம் தபாலில் ஓர் அட்டை:
வியாழன் இரண்டு மணி, மெதடிஸ்ட் கூடம்,
குழந்தையை எடை பார்க்க அழைத்து வரவும்,
மீன் எண்ணெய் அங்கேயே கிடைக்கும்.
விலாசத்தில் 'ஏ' கொஞ்சம் தூக்கி விழுந்திருந்தது.
அவளுடைய எந்திரம்.
செப்டம்பரில், மற்ற அறுபது அட்டைகளோடு,
விடுப்பில் போகுமுன் சிரித்தபடி அடித்தது.

எட்டாம் அட்டவணை: இறந்து பிறந்தவை.
டாக்டர் பென்சிலில் 11 என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
சரிபார்க்க வேண்டும்.
பீரோவில் மருத்துவச்சிகளின் பதிவேடுகள், ஒன்பது.
எட்டைப் புரட்டினாள். பத்து வந்தது.
தேநீர் வந்தது. ஆறியது.
பதினொன்று எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

கிளெக்கின் ஏடு. நவம்பர் பதினாறு.
வரிசை எண், விலாசம், நேரம்.
ஆறு பவுண்டு நாலு அவுன்ஸ்.
பெண்.
'குறிப்புகள்' என்ற கட்டத்தில்,
ஏடு முழுக்க வெறுமையாய்க் கிடந்த கட்டத்தில்,
நீல மையில் சின்னதாக:
தலை நிறைய முடி. செம்பட்டை.

லெனார்டுக்குத் தாடி மட்டும் அப்படி,
சவரம் செய்யாத ஞாயிறுகளில்.

அந்த எந்திரத்தில் ஒன்றுக்கு விசை கிடையாது.
சின்ன 'எல்' எழுத்தைத்தான்
ஒன்றாக நிற்கவைக்க வேண்டும்.
அடித்தாள்.
பக்கத்தில் இன்னொன்று,
கொஞ்சம் அழுத்தி,
நான்காம் பிரதியிலும் தெரியும்படி.

பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் துடைத்தாள்.
ஒன்பதாம் அட்டவணை,
ஐஸ்கிரீம் மாதிரிகள்.