தூண்டில் நரம்பு

செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது.
டிப்போ வாசலில் இருந்தது.
ஜமாலியாவில் டீ வாங்கும்போது
தணிகாசலம்தான் கீழே பார்த்தான்.
"இன்னாபா, ஒத்தச் செருப்போட வந்துக்கினு கீற?"

மே மாதம், மதியம் ஒரு மணி.
அந்தத் தார்மேல் அவ்வளவு தூரம்
நடந்து வந்திருக்கிறது என் இடது கால்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பகலில்தான் இந்த ஊமைத்தனம்.
இரவு பதினோரு மணிக்குமேல் ஒப்பாரி.
மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும்.
போர்வை ஓரம் பட்டால் முள்ளாய்க் குத்தும்.
பிலோமினா எழுந்து
ஃபேனைக் கால்பக்கம் திருப்பி வைப்பாள்,
எதுவும் கேட்காமல்.

ஸ்டான்லியில் டாக்டர் ஷெரீன்
என் மகள் வயதுதான் இருப்பார்.
மேசை இழுப்பறையிலிருந்து
ஒரு துண்டு நைலான் எடுத்தார்.
காசிமேட்டில் தூண்டில் போட்டவன் மகன் நான்,
அது எனக்குத் தெரியும்.
நாங்கள் அதையும் நரம்பு என்றுதான் சொல்வோம்.

"கண்ண மூடிக்கங்க. தொடும்போது சொல்லுங்க."
மூடினேன்.
"தெரியுது" என்றேன்.
கொஞ்சம் விட்டு, "தெரியுது."
மறுபடியும், "தெரியுது டாக்டர், நல்லாவே."
அறையில் ஃபேன் சத்தம் மட்டும்.
"நான் இன்னும் தொடவே இல்ல."

இருபத்திரண்டு வருஷம்
29சி ஓட்டியவன் கண்ணைத் திறந்தேன்.
போன மாதம் லஸ் சிக்னலில்
கால் பிரேக்மேல்தான் இருக்கிறதா என்று
ஒருமுறை குனிந்து பார்த்தேன்.
யாரிடமும் சொல்லாததை
அவரிடம் சொல்லிவிட்டேன்.
எழுதிக்கொண்டே கேட்டார்.

அதிரும் இரும்புக் கவை ஒன்றைக்
கணுக்காலில் வைத்தார், எறும்பு ஊர்ந்தது.
கட்டைவிரலில் வைத்தார்,
வெறும் இரும்பு.
"சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தா
நீளமான நரம்பு மொதல்ல கெட்டுப்போகும்" என்றார்.
எனக்குப் புரிந்தது.
லாங் ரூட்டைத்தான் முதலில் கட் பண்ணுவார்கள்.
வண்டி கணுக்காலோடு திரும்புகிறது.
கீழே இருக்கும் ஐந்து பேரும்
நிறுத்தத்தில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"மறுபடியும் வண்டி விடுவாங்களா?"
சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
"போனது வரும்னு சொல்ல மாட்டேன்.
இருக்கிறத விட்டுடாதீங்க."

ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு
டைம் கீப்பர் நாற்காலிக்கு வந்தேன்.
முதல் வாரம் மேசைக்குக் கீழே
வலது கால் தானாகவே மிதித்துக்கொண்டிருந்தது.

இப்போது சவரக் கண்ணாடி என் முகத்தைவிட
என் உள்ளங்காலைத்தான் அதிகம் பார்க்கிறது.
ஷூவைக் கவிழ்த்துத் தட்டுகிறேன்.
ஒருநாள் பேத்தியின் பென்சில் முனை விழுந்தது.
காலையிலிருந்து அதன்மேல்தான் நின்றிருக்கிறேன்.
வெந்நீரை முழங்கைதான் சோதிக்கிறது.
தேங்காயெண்ணெய் பாதத்துக்கு உண்டு,
விரலிடுக்குக்குக் கிடையாது.
படுக்கும்முன் ஒரு மாத்திரை,
எரிச்சல் பாதியாய்க் குறைந்தது,
மீதிப் பாதி வாடகை தராத குடித்தனம்போல் இருக்கிறது.
மூன்றாவது தோசைக்குக் கை நீட்டினால்
பிலோமினா கல்லை இறக்கிவிடுகிறாள்.

செப்டம்பரில் பெசன்ட் நகர் மாதாவுக்கு
வருஷா வருஷம் வெறுங்காலில் நடப்பேன்.
இந்த வருஷம் சாக்ஸ் போட்டு,
மெத்தென்ற கறுப்புச் செருப்பு போட்டு,
காவிச் சட்டைக் கூட்டத்தில் ஒரு குற்றவாளி மாதிரி.
"மாதா காலைப் பாக்க மாட்டாங்க" என்றாள்.
அடையாறு பாலத்தில் 29சி எங்களைத் தாண்டியது.
ஓட்டியவன் புதுப் பையன்.
க்ளட்சை அரைகுறையாக மிதித்தான்,
சத்தத்திலேயே தெரிந்தது.

அன்றிரவு வீட்டில்
என் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
நான் கண்ணை மூடினேன்.
"தெரியுதா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது.
"இல்ல" என்றேன்.

"தொட்டுக்கினுதான் கீறேன்" என்றாள்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.
பிறகு, "நகம் வெட்டணும், ஆட்டாத."