நின்ற வேலை

முக்கூடல் பிரசவ வார்டு, எட்டுக் கட்டில்.
சுவர் ஏழு அடி. ஜன்னல் நிலைகள் பொருத்தியாயிற்று.
கூரை பாக்கி: எழுநூற்று எழுபத்தொரு ரூபாய் நாலணா.
நாற்பத்தொன்றாம் வருஷம் தை பிறக்கும் முன்பே
பாளையங்கோட்டை ஆபீசில் என் மேசைக்கு ஒரு தாள் வந்தது.
தமிழில் சொன்னால் ஐந்தே சொல்:
யுத்தம் முடியும் வரை வேலையை நிறுத்துக.

கொத்தனார் மரியசந்தனம் கரண்டியைக் கழுவிச்
சாக்கில் சுற்றிக்கொண்டு போனாராம்.
"சண்டை எங்கேயோ நடக்கு,
கூரை இங்கன தானவே வேணும்?"
ஓவர்சியர் ஆவுடைநாயகம் இதை என்னிடம்
சிரிக்காமல் சொன்னார்.

விட்ட சுவரின் கல்லை யாராவது பெயர்த்தால்?
ஆகையால் ஒரு காவலாள்.
ஊய்க்காட்டான், மாதம் பதினாலு ரூபாய்,
ஒரு லாந்தர், மண்ணெண்ணெய் கிடைத்தால்.
முதல் தேதி தோறும் அவர் கைநாட்டு என்னிடம் வரும்,
நீல மையில், எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து.

மறு சித்திரையில் குண்டு விழும் என்றார்கள்.
கருவூலத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்க உத்தரவு.
குறுக்குத்துறையில் அள்ளினார்கள்.
வார்டுக்குப் பூச அள்ளியதும் இதே ஆறு, கொஞ்சம் மேலே.
அது சிவில் தலைப்பு, காசு இல்லை.
இது யுத்தத் தலைப்பு,
வண்டிக்கு ஒன்றரை ரூபாய், கேள்வி இல்லை.
கிழிந்த மூட்டையிலிருந்து ஒரு கை மணல் அள்ளிப் பார்த்தேன்.
கிளிஞ்சல் துண்டு. ஒரு மீன்முள்.
குண்டு விழவில்லை. மூட்டைகளில் கோரை முளைத்தது.

நாற்பத்துமூன்று ஐப்பசியில் நேரில் பார்த்து எழுதச் சொன்னார்கள்.
கரிவாயு பஸ் இரண்டு இடத்தில் மூச்சுவிட்டு நின்றது,
மிச்சத் தூரம் நனைந்துகொண்டே நடந்தேன்.

வார்டின் வடகிழக்கு மூலையில் பனையோலை.
இரண்டு சுவரில் சாய்த்த நாலு கம்பு,
கதவுக்குப் பதில் சாயம் போன சேலை.
அதை விலக்கிக்கொண்டு ஞானப்பூ வந்தாள்,
முழங்கை வரை ஈரம்.
"ஐயா, சத்தம் போடாதீய. இப்பத்தான் உறங்குதா."

யார் என்று நான் கேட்கவில்லை.
வெளியே ஒரு பீடித்தட்டு கவிழ்ந்து கிடந்தது.
ஊய்க்காட்டான் லாந்தரை ஏற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.
"அவ வீட்டுல முழங்கால் தண்ணி, எங்க போவா?
ஓலைக்கு நான் சர்க்காரைக் காசு கேக்கலியே."
எத்தனை பேர் என்றேன்.
இதோடு பதினொன்று என்று ஞானப்பூதான் சொன்னாள்,
இரண்டு தங்கவில்லை என்றும்.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
கட்டடத்தின் நிலையில் மாற்றம் ஏதும் உள்ளதா?
இல்லை என்று எழுதினேன்.
ஈரக் காற்று. மை காய வெகுநேரம் ஆனது.

நாற்பத்தைந்து ஆவணியில் சண்டை முடிந்தது.
ஆபீசுக்கு ஒருநாள் லீவு, ஆளுக்கு ஒரு லட்டு.
அடுத்த வாரம் சென்னையிலிருந்து தணிக்கைக் கேள்வி:
காவலுக்கு ஐம்பத்தாறு மாதம், எழுநூற்று எண்பத்துநாலு ரூபாய்.
காவல் காத்த கூரையின் மதிப்பைவிட
பன்னிரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா அதிகம்.
இதற்குப் பொறுப்பு யார்?
ஆவுடைநாயகம் உரக்கப் படித்தார், மூன்று தடவை.
பிறகு ஜன்னலோரம் போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார்.

புதிய மதிப்பீடு இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
போன வேகத்தில் திரும்பி வந்தது:
விலைவாசி நிலைப்படும் வரை ஒத்திவைக்க.

ஐம்பத்தேழாவது கைநாட்டும் வந்தது.
கூடவே ஞானப்பூவின் பென்சில் எழுத்தில் ஒரு சீட்டு.
ஓலை ஒழுகுது. மழைக்கு முன்னே மாத்தணும்.

தலைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.
கடைசியில் சில்லறைச் செலவு என்று ஒன்று.
அதில் எழுதினேன்:
துடைப்பம், நாலு ரூபாய்.

கூரையில்லாத கட்டடத்துக்கு
வருஷா வருஷம் இத்தனை துடைப்பம் எதற்கென்று
சென்னையிலிருந்து இன்னும் கேட்கவில்லை.